மின்னலுக்குத் தீனி

வைகாசி மாதத்து ஒரு மத்தியானம் கீழமுத்தளத்து உப்பளத்தில் விழுந்த மின்னல் திரும்பிப் போகவில்லை. மற்ற மின்னலெல்லாம் விழுந்த கையோடு மறைந்துவிடும், சத்தம் மட்டும் பின்னால் வந்து ஊரை உலுக்கிவிட்டுப் போகும். இதுவோ, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்தி வரப்பில் நடந்துபோன முத்துமாலையின் உச்சந்தலையில் இறங்கி, அவன் உயிரைக் குடித்து, அவன் காலடி வழியாக உப்புக்குள் புகுந்து, உப்புக்குள் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி மறுபடி மேலே வந்து, செத்துக் கிடந்தவன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மேகம் கலைந்து வெயில் அடித்த பிறகும் அங்கேயே கிடந்தது. ஒரு ஆள் நீளம் இருந்தது, ஊதா நிறம், ஓரமெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த பாத்தியிலிருந்து ஓடிவந்த அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் புருஷன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அழுவதற்கு முன்னால் மின்னலைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது என்றுதான் கூட நின்ற பெண்கள் எல்லாரும் சொன்னார்கள்.

முத்துமாலையைத் தூக்கிக்கொண்டு போனோம். மின்னலை என்ன செய்வது என்று தெரியாததால் அப்படியே விட்டுவிட்டுப் போனோம். போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதைப் பிடித்துக் கட்ட வழியில்லை என்று தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். லைன்மேன் அணைஞ்சபெருமாள் (ஊரில் எப்போது கரண்டு போனாலும் இவர் பேரைத்தான் திட்டுவோம்) ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மூங்கில் கம்பால் தொட்டுப் பார்த்து, "உசுரு இருக்கு. ஆனா எளைச்சிக்கிட்டே வருது" என்றார். அது உண்மைதான். அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது மின்னல் ஒரு முழங்கை நீளத்துக்குச் சுருங்கியிருந்தது.

பேச்சித்தாய் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் செலஸ்தீனாவின் பட்டறைக்குப் போனாள்.

செலஸ்தீனா எங்கள் ஊர்க்காரிதான். இருபது வயதில் சென்னைக்குப் போய் நியான் போர்டு செய்கிற இடத்தில் கண்ணாடிக் குழாய் வளைக்கக் கற்று, அங்கேயிருந்து வடக்கே எங்கெங்கோ போய்த் தொழிலைப் பெருக்கி, நாற்பது தாண்டித் திரும்பி வந்து, மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரியை வாடகைக்கு எடுத்திருந்தாள். கண்ணாடியில் சங்கு ஊதுவாள், சொறிமீன் ஊதுவாள், ஆள் உயரத்துக்குப் பவளக்கொடி ஊதுவாள். உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு நியானோ ஆர்கானோ கிரிப்டானோ ஏதாவது ஒரு வாயுவைக் கொஞ்சமாக அடைத்து, உயர் அழுத்தக் கரண்டு கொடுப்பாள். சொறிமீன் சிவந்து நீந்தும், பவளக்கொடி நீலமாகப் பூக்கும். அவற்றைப் பெரிய ஊர்களில் கண்காட்சி வைப்பார்கள். எங்களுக்கு அது என்ன தொழில் என்று பிடிபடாததால் அந்த இடத்துக்கு லைட்டு ஆபீஸ் என்று பேர் வைத்திருந்தோம்.

"யக்கா, அது செத்துரும் போலிருக்கு" என்றாள் பேச்சித்தாய். "நீங்க கண்ணாடிக்குள்ள கரண்டை விட்டு வளக்கிற ஆளு. அதையும் உள்ள வச்சு உசுரோட வைக்கணும்."

"பேச்சி, உம் புருசனைக் கொன்னது அதுல்லா?"

"அதனாலதான் சொல்லுதேன். செத்துப்போச்சுன்னா அதுக்கு விடுதலை. மேல ஏறிப் போயிட்டாலும் விடுதலை. நான் மட்டும் தெனமும் வெயில்ல நின்னு உப்பு வாரணுமாக்கும்? நான் இருக்கிற வரைக்கும் அதுவும் என் கண்ணு முன்னால இருக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

செலஸ்தீனா அவள் முகத்தைப் பார்த்தாள். பட்டறையில் இருந்ததிலேயே பெரிய கண்ணாடி உருண்டையை எடுத்து, அடியில் வால் மாதிரி நீண்டிருந்த குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். உருண்டையை வரப்பில் சாய்த்து வைத்ததும் மின்னல் தலையைத் தூக்கியது, குழாயின் வாயை முகர்ந்தது, பிறகு எலி வளைக்குள் போகிற பாம்பைப் போல நழுவி உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. பட்டறைக்குக் கொண்டுவந்து, காற்றை உறிஞ்சி, நியானோடு கொஞ்சம் கிரிப்டான் சேர்த்து விட்டு, ஊதுவிளக்கின் நெருப்பில் வாலை உருக்கி மூடினாள். ஊரே வாசலில் நின்று பார்த்தது.

இனி அதற்கு என்ன தீனி போடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் நியான் போர்டுக்காரர்கள் வைத்திருக்கிற கனத்த இரும்பு டிரான்ஸ்பார்மரைக் கொடுத்துப் பார்த்தாள். பதினைந்தாயிரம் வோல்ட், முப்பது மில்லியாம்பியர், தூக்க இரண்டு பேர் வேண்டும். சுவிட்சைப் போட்டதும் பட்டறை முழுக்க வண்டு இரைகிற மாதிரி சத்தம் எழுந்தது. மின்னல் திமிறி எழுந்து, விறைத்து, ஒரே இடத்தில் தடித்துச் சிவந்து நின்றது. அது நின்ற இடத்தில் கண்ணாடி கொதித்தது. செலஸ்தீனா உடனே அணைத்தாள். "இது ரெண்டு முனை இருக்கிற குழாய்க்குச் செஞ்சது" என்றாள். "ஒரு முனையில தள்ளும், மறுமுனையில வாங்கும். இதுக்கு ஒரு முனைதான் இருக்கு. மறுமுனை ஆகாசம்." அடுத்து, பழைய டிவியின் உயர் அழுத்தக் காயிலைக் கழற்றி ஓட்டிப் பார்த்தாள். அதற்கு மின்னல் நூலாக மெலிந்து விக்கல் எடுத்தது, விக்கிய ஒவ்வொரு தடவையும் வெளியே ஒரு பொறி பாய்ந்தது. பிறகு கரண்டு கொடுக்கிற எலக்ட்ரானிக் சப்ளைப் பெட்டி ஒன்றை வரவழைத்தாள். கைக்கு அடக்கம், கனமில்லை, சத்தமில்லை. அதில் மின்னல் முத்து முத்தாக அறுந்து, கோர்வையிலிருந்து சிதறிய பாசிமணி மாதிரி உருண்டையெல்லாம் உருண்டது. போதாக்குறைக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு காவல் இருந்தது. யாராவது கண்ணாடியில் கை வைத்தால் எங்கோ கரண்டு கசிகிறது என்று நினைத்துக்கொண்டு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தடவை அணைந்தபோதும் மின்னல் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. விரல் நீளம்தான் மிச்சம் என்று ஆனபோது பேச்சித்தாய் கேட்டாள்.

"இவ்வளவு பெட்டி இருக்கே, எதை வச்சு யக்கா இது நல்லது அது நல்லதுங்கிறிய?"

"மூணு விசயம் இருக்கு பேச்சி. வோல்ட்டுங்கிறது ஒசரம். ஒரு சொட்டுத் தண்ணியும் ஒசரத்துலேருந்துதான் விழுது, காட்டாறும் ஒசரத்துலேருந்துதான் விழுது. வோல்ட்டு கூடுனா எட்டிப் பாயும், அம்புட்டுதான். ஆம்பியருங்கிறது எம்புட்டுத் தண்ணி விழுதுங்கிறது. ஆளை அடிச்சுக் கொல்லுறது அதுதான்."

"அவுகளைக் கொன்னது ஆம்பியரா?"

"ஆமா."

பேச்சித்தாய் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "அப்ப அதைக் குடுக்காதிய. ஒசரம் எவ்வளவு வேணாலும் குடுங்க. ஆளைத் தொட்டா ஆளு சாவக்கூடாது."

"மூணாவது அதிர்வு. ஒரு நொடிக்குள்ள எத்தனை தடவ போயிட்டு வருதுங்கிறது. வீட்டுக் கரண்டு அம்பது தடவ. அது இதுக்குக் காணாது. கண்ணாடியைத் தாண்டி வெளிக்காத்தைத் தொட்டுட்டுத் திரும்பணும்னா ஆயிரக்கணக்குல போயிட்டு வரணும். ஆனா எத்தனை ஆயிரம்னு அதுதான் சொல்லணும். திருகிப் பாக்கிற மாதிரி ஒரு சப்ளை வேணும். கடையில கெடைக்காது."

"செய்யுங்க."

செலஸ்தீனா செய்தாள். கோயம்புத்தூரில் காயில் சுற்றுகிற பெண் ஒருத்தியிடம் போனிலேயே அளவு சொல்லிச் சுற்ற வைத்து, பேட்டரியிலும் ஓடும்படி சர்க்யூட் போட்டு, கரண்டுக்கு ஒரு கட்டு வைத்து அதற்கு மேல் ஏறவிடாமல் பூட்டி, அதிர்வுக்கு ஒரு திருகு, அழுத்தத்துக்கு ஒரு திருகு வைத்தாள். முடித்துச் சுவிட்சைப் போட்ட காலையில் தெருநாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காதைத் தூக்கின. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அதிர்வுத் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். மின்னல் நெளிந்தது, வேண்டாம் என்றது, இன்னும் கொஞ்சம் என்றது. ஒரு இடத்தில் வந்ததும் பெருமூச்சு விட்டாற்போல விரிந்து, வேர்விட்டு, கிளைவிட்டு, உருண்டை முழுக்க ஊதாவும் ரோஜாவுமாக நிறைந்து நின்றது. நாய்கள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டன.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. மீன் விற்கப் போகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூட்டுவலிக்கு முழங்காலைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார்கள். மின்னல் வந்து முழங்காலை நக்கியது, வலி குறைந்ததா என்று தெரியாது, ஆனால் சிரித்துக்கொண்டு போனார்கள். கடலுக்குப் போகிறவர்கள் மழை வருமா என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சாமியார் சிலுவை போட்டுவிட்டு, பிறகு யாரும் பார்க்காத நேரம் விரலை வைத்துப் பார்த்து விளையாடினார். மின்சார ஆபீசிலிருந்து வந்தவர், இது குடியிருப்பு இணைப்பா வணிக இணைப்பா என்று ஒரு பொழுது முழுக்க அணைஞ்சபெருமாளோடு விவாதம் செய்து, கடைசியில் ஒரு உயிர் தங்கியிருப்பதால் குடியிருப்பு என்று ஒத்துக்கொண்டார். பேர் வைக்கலாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பேச்சித்தாய் விடவில்லை. "பேரு வச்சா உங்களுக்குச் சொந்தமாயிரும்" என்றாள்.

அவள் தினமும் வேலை முடிந்து, காலில் உப்பு வெடிப்போடு, நேராக அங்கே வருவாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பாள். யார் கை வைத்தாலும் துள்ளி வருகிற மின்னல், அவள் கை வைத்தால் மட்டும் பின்வாங்கும். உருண்டையின் மறுபக்கத்தில் போய் ஒண்டி, ஒரு கோடாக ஒடுங்கிக்கொள்ளும். செலஸ்தீனா அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள், அதிர்வை மாற்றிப் பார்த்தாள், எதற்கும் மசியவில்லை. இது சப்ளையின் கோளாறு இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பேச்சித்தாய் கையை எடுக்கமாட்டாள். கை வைத்தபடியே அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லுவாள்: எந்தப் பாத்தியில் உப்பு எடுத்தது, கங்காணி என்ன ஏசினான், முத்துமாலை இருந்தால் அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பான், இப்போது சொல்ல ஆள் இல்லாததால் தான் என்ன சொன்னாள். எல்லாம் சொல்லிவிட்டு, "கேட்டியா?" என்பாள். பிறகு வீட்டுக்குப் போவாள்.

ஆடி மாதக் காற்றோடு முத்துமாலையின் தம்பி ஊர்க்காவலன் துறைமுக வேலையிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் சாப்பிடக்கூட இல்லை. கையில் கடப்பாரையோடு பட்டறைக்குள் நுழைந்தபோது பேச்சித்தாய் கண்ணாடி முன்னால் நின்றாள்.

"மதினி, தள்ளுங்க. எங்கண்ணனைக் கொன்னதுக்குக் கரண்டு குடுத்து வளக்கிறிய. ஊரு சிரிக்குது."

"ஊரு சிரிக்கல. நீ ஒடைச்சா அது எங்க போவும்?"

"செத்துப் போவும்."

"செத்துப் போயி?"

அவன் கடப்பாரையை ஓங்கினான். அவள் நகரவில்லை.

"செத்துப் போனா ஒரு நிமிசம். அதோட கணக்கு முடிஞ்சு போச்சுன்னு நீ துறைமுகத்துக்குப் போயிருவ. நாளைக்கு மேகம் எறங்குனா பாத்தியில நிக்கிறது யாரு? நான். பனைமரம்கூட இல்லாத பொட்டக்காட்டுல எல்லாத்துக்கும் ஒசரமா நிக்கிறது நாங்கதான். இது ஒன்னை ஒடைச்சுட்டா வானத்துல இருக்கிறது எல்லாம் பயந்துருமா கொழுந்தனாரே?"

ஊர்க்காவலன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதான். அழுகிறவன் முதுகுப் பக்கம் மின்னல் நகர்ந்து வந்து நின்றது. அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. பேச்சித்தாய்க்கோ தான் பேசிய பேச்சு தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் செலஸ்தீனாவிடம் வந்தாள்.

"யக்கா, இதை அளத்துக்குக் கொண்டு போவணும். நடுப் பாத்தியில, எங்க எல்லாரையும்விட ஒசரமா, கம்பத்துல நிக்கணும். மழை மாசம் வருது. மேல இருக்கிற இதோட ஆளுக வருவாவ. இதுதான் அவுக கிட்ட பேசணும்."

"அங்கன கரண்டு லைன் கெடையாதே பேச்சி."

"பேட்டரியில ஓடும்னியளே."

"ஓடும். ஆனா உப்புக்காத்து. உயர் அழுத்தத்துக்கு உப்புதான் எமன். கம்பி மேல உப்பு படிஞ்சா அந்த ஈரத்து வழியாவே ஓடிப்போயிரும், கண்ணாடிக்குள்ள வராது."

"அப்ப உப்பு படியாம மூடுங்க."

செலஸ்தீனா சிரித்துவிட்டாள். பிறகு காயிலையும் இணைப்புகளையும் ஒரு டப்பாவுக்குள் வைத்து, மெழுகைக் காய்ச்சி, காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்காதபடி மெதுவாக ஊற்றி இறுக்கினாள். வெளியே தெரிகிற ஒரே கம்பியைத் தடித்த சிலிக்கான் உறைக்குள் நுழைத்தாள். போட்டுக்காரர்கள் தங்கள் போட்டுகளில் இருந்த பேட்டரிகளில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார்கள். லீவை நீட்டித்துக்கொண்டு ஊர்க்காவலனே குழி தோண்டிக் கம்பம் நட்டான். உருண்டையை ஏற்றி வைத்த அன்று, வெள்ளை வெளேரென்ற உப்பளத்து வெயிலில் மின்னல் இருப்பதே தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் ஊதா நரம்பு ஓடுவது தெரிந்தது.

ஐப்பசியில் மேகம் இறங்கியது. அன்றைக்கு அளத்தில் குவித்து வைத்திருந்த உப்பு முழுக்க மூடப்படாமல் கிடந்தது. மழை விழுந்தால் ஒரு பருவத்து உழைப்பு கரைந்து கடலுக்குப் போய்விடும். கிழக்கே இடி இரைந்ததும் வேலையாட்கள் கொட்டகைக்கு ஓடினார்கள். யாரும் வெளியே வரத் தயாரில்லை. முத்துமாலையை வரப்பில் பார்த்தவர்கள் அவர்கள்.

பேச்சித்தாய் கீற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தனியாகத்தான் நடந்தாள். அவள் தலைக்கு மேலே முதல் மின்னல் கிளம்பியதை நாங்கள் எல்லாரும் கொட்டகையிலிருந்து பார்த்தோம். அவளை நோக்கித்தான் வந்தது. அதே நேரம் கம்பத்து உச்சியில் இருந்த எங்கள் மின்னல் எழுந்து, உருண்டையின் எல்லாப் பக்கமும் கை விரித்து, நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு வெள்ளை நிறத்துக்கு ஏறியது. வந்த மின்னல் பாதி வானத்தில் நின்றது. யாரோ கூப்பிட்டுச் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றது. பிறகு வளைந்து, கடலுக்குப் போய் விழுந்தது. அடுத்தது வந்தது, நின்றது, கடலுக்குப் போனது. அதற்கு அடுத்ததும் அப்படியே. கொட்டகையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கீற்றைத் தூக்கி, குவியலை மூடத் தொடங்கினார்கள். மழை அடித்தது, இடி உருண்டது, வானத்து மின்னல் எல்லாம் வந்து வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன, நாங்கள் குனிந்த தலை நிமிராமல் மூடிக்கொண்டே இருந்தோம்.

கடைசிக் குவியல் பாக்கி இருக்கும்போது கம்பத்தில் வெளிச்சம் மங்கியது. அவ்வளவு பேசினால் எந்தப் பேட்டரி தாங்கும்? செலஸ்தீனா மாற்றுப் பேட்டரியை இடுப்பில் அணைத்துக்கொண்டு சேற்றில் ஓடிவந்தாள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற வரைக்கும் அதற்குத் தீனி கிடையாது. கழற்றினாள். மழையில் விரல் வழுக்கியது, திருகு கடிக்கவில்லை. மேலே உருண்டைக்குள் மின்னல் விரலாகி, திரியாகி, ஒரு பொட்டாகிவிட்டது. கிழக்கே அடுத்த மேகம் வெளுத்தது.

பேச்சித்தாய் கம்பத்தில் ஏறினாள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்திருந்த உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்தாள்.

"இங்க வா" என்றாள்.

பொட்டு நகர்ந்தது. இத்தனை மாதமாக அவள் கைக்கு எட்டாத பக்கத்திலேயே ஒண்டிக் கிடந்த அது, நடுங்கிக்கொண்டே கண்ணாடியின் இந்தப் பக்கம் வந்து, அவள் உள்ளங்கைக்கு நேராக ஒட்டிக்கொண்டது. கம்பி எதிலும் கரண்டு இல்லை. ஆனாலும் அணையவில்லை. உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது என்று பின்னால் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் கைரேகை ஒவ்வொன்றும் ஊதாவாக எரிந்ததைக் கீழே நின்ற செலஸ்தீனா பார்த்தாள். பார்த்துக்கொண்டே திருகை முடுக்கினாள். சுவிட்ச் விழுந்தது. உருண்டை நிறைந்தது. கிழக்கேயிருந்து வந்த மின்னல் நின்று கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனது.

"எறங்கு பேச்சி! விழுந்துராத!"

"நீங்க கடைசிக் குவியலைப் பாருங்க. நான் எறங்கிக்கிடுதேன்."

அன்றைக்கு உப்பு கரையவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராவாகிறதுக்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சூடாகக் கஞ்சி குடித்தோம்.

மழை மாதம் தீர்ந்து, மூடிய கீற்றை விலக்கி, உப்பு ஏற்ற லாரிகள் வந்தபோது, கேரளத்துக்குப் போகிற ஒரு லாரியின் புது டிரைவர் இறங்கிச் சோம்பல் முறித்தான். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அருகே உப்பு அள்ளிக்கொண்டிருந்த பேச்சித்தாயிடம் கேட்டான்.

"என்னக்கா அது? பட்டப்பகல்ல லைட்டு எரிய விட்டிருக்கிய?"

அவள் கூடையை நிமிர்த்தித் தலைக்கு ஏற்றிக்கொண்டு சொன்னாள்:

"லைட்டு இல்ல தம்பி. எங்க செட்டு ஆளு. வேலை பாக்குது."